எந்த கலாஸ்?

எங்கள் யார்டில் தமிழ், மலையாளம், இந்தி, உருது, நேபாளி என்று யார் எதைப் பேசினாலும் ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் பொது. கலாஸ். முடிந்தது என்பதற்கு அரபிக்காரர்கள் சொல்வது. நாங்கள் அதை எங்கள் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருக்கிறோம். டூட்டி கலாஸ் என்றால் வேலை முடிந்தது, ரூமுக்குப் போகலாம். போன் கலாஸ் என்றால் போன் செத்துப்போனது. வளவளவென்று பேசுகிறவனைப் பார்த்து கலாஸ் என்றால் போதும், வாயை மூடு. பதினான்கு வருடம் இங்கே குப்பை கொட்டிய சிவசங்கரனை ஊருக்கு மூட்டை கட்ட வைத்தது இந்த ஒரு சொல்தான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பெயர் சரவணகுமார். அதே யார்டில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். ஷார்ஜா அபு ஷகாராவில் அவரும் நானும் அடுத்தடுத்த கட்டடம். ஹம்ரியா துறைமுகத்தில், எண்ணெய் தோண்டும் ரிக்குகளைச் சரிசெய்யும் எங்கள் யார்டுக்கு அவர் காரில்தான் போய்வருவேன். சிவசங்கரன் திருச்சிக்காரர், இன்ஸ்பெக்டர். ஒரு சாமானைச் சோதித்து, சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது யார்டின் கேட்டைத் தாண்டும். வீட்டிலும் அதே குணம்தான். தோசை மாவுப் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார். சிக்னல் பச்சையான பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் இருப்பவன் ஹாரனாலேயே திட்டுவான். “பொண்ணு பாக்கப் போனப்பவும் டார்ச் அடிச்சுத்தான் பாத்தீங்களா?” என்று அவர் மனைவி நீலாவின் எதிரிலேயே கேட்டிருக்கிறேன். நீலா சிரிப்பாள். அவர் மட்டும் “இல்லையே, பகல்லதானே போனோம்” என்பார். அப்பேர்ப்பட்ட ஆள்.

அந்த வருடம் எங்கள் யார்டுக்கு ஒரு ரிக் வந்தது. வடதுருவத்துப் பக்கம், வருடத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் கடலில் எண்ணெய் தோண்டப் போகிற ரிக். வெளியே முட்டை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும் வெயிலில் நின்றுகொண்டு அதைக் குளிருக்குத் தயார் செய்தோம். அந்தக் கம்பெனிக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ் கம்பெனி. அந்த ரிக்குக்கு மூன்று பெரிய ரப்பர் வளையங்கள் வந்தன, ஒவ்வொன்றும் லாரி டயரைவிடப் பெரிது. தோண்டும்போது கிணறு திடீரென்று சீறினால், வாயில் இருக்கும் வால்வு இந்த ரப்பரை நெருக்கிப் பிடித்துக் கிணற்றின் கழுத்தை அடைக்கும். அடைக்காவிட்டால் எண்ணெய் மொத்தமும் கடலில். ஒன்று வால்வில் இருக்கும், இரண்டு உபரி. யார்டில் அதை சீல் என்போம்.

வேலை தொடங்கும்போது ஐஸ் கம்பெனியிலிருந்து சுற்றுச்சூழல் பார்க்கும் ஓர் அம்மாள் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். டென்ட்டுக்குள் எல்லோரும் பிரியாணிக்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். சிவசங்கரன் ஒருவர்தான் காது கொடுத்தார் என்று நினைக்கிறேன். வளைகுடாவில் எண்ணெய் கொட்டினால் வெயில் கொஞ்சம் குடித்துவிடும், மிச்சத்தை ஆள் வைத்து அள்ளலாம் என்றார் அந்த அம்மாள். அங்கே அது பனித்தட்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காது, அள்ளப் போகக் கப்பலுக்கும் வழி கிடையாது. பனியில் ஓட்டை வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் சீல்கள் மூச்சுவிட மேலே வரும், எண்ணெயும் கடைசியில் அந்த ஓட்டைகளைத்தான் தேடிப் போய்ச் சேரும் என்றார்.

கார்மேகம் கையைத் தூக்கினான். ராமநாதபுரத்து ஆள், கோல்டு ரூம் டெக்னீஷியன். சிவசங்கரனிடம் தமிழில் கேட்டான். “ரப்பர் எப்படி சார் மூச்சு விடும்?”

டென்ட்டே சிரித்தது. சிவசங்கரன் சிரிக்கவில்லை. போனில் ஒரு படத்தை எடுத்து அவனிடம் காட்டினார். “இது பிராணி, கார்மேகம். கடல்நாய். இங்கிலீஷ்ல இதுக்கும் சீல்னுதான் பேரு.” கார்மேகம் அந்த மீசை வைத்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாய்க்குட்டி கணக்காவுல்ல இருக்கு” என்றான். வகுப்பு முடிந்ததும் சிவசங்கரன் அந்த அம்மாளின் விசிட்டிங் கார்டை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பிரியாணி வரிசையில் நானே அதற்கும் கிண்டல் செய்தேன்.

சோதனை இப்படித்தான் நடக்கும். கோல்டு ரூமில் மைனஸ் நாற்பதில் சீலை ஊறப்போட்டு, அழுத்தம் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, குளிரோடு குளிராக, டார்ச் அடித்து உள்விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை. சூட்டில் ரப்பர் இளகி வெடிப்பை மூடிக்கொள்ளும், புதுசு போல இருக்கும். அந்தக் கடைசிப் பார்வைக்கு இன்ஸ்பெக்டர்தான் உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு சீலுக்கும் சிவசங்கரன் போனார். வெயிலிலிருந்து அந்தக் குளிருக்குள் போய்விட்டு வந்ததில் இரண்டு தடவையும் மூக்கில் ரத்தம் கொட்டியது. சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்குப் போனவரைப் பார்த்து நீலா அழுது, இனிமேல் உள்ளே போகமாட்டேன் என்று ரக்ஷிதா தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டாள். ரக்ஷிதா அவர்களுடைய ஒரே பெண், பத்தாவது படித்தாள்.

மூன்றாவது சீலுக்கு கார்மேகமே டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சிவசங்கரன் வெளியே கேபினில் வாக்கிடாக்கியோடு இருந்தார். அழுத்தம் தாங்கிவிட்டது. பார்வைதான் பாக்கி. நானும் அங்கேதான் இருந்தேன், ஏதோ ஒரு பில்லில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. வாக்கிடாக்கி கரகரத்தது.

“சார், மூணாவது கலாஸ்.”

“கலாஸா?”

“ஆமா சார், கலாஸ்.”

அதோடு வாக்கிடாக்கியின் பாட்டரி குளிரில் படுத்துவிட்டது. சிவசங்கரன் “அப்பாடா” என்று மூச்சு விட்டார். மூன்றும் பாஸ் என்று போட்டு, என் பில்லிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கார்மேகத்துக்கு அன்று சாயங்காலம் ஊருக்கு ஃபிளைட். ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு கேம்ப்புக்கு ஓடினான், பெட்டி கட்ட வேண்டாமா? கடைசியாகச் சோதித்த அந்த மூன்றாவது சீல் கைக்கு எட்டிய இடத்தில் இருந்ததால் அதைத்தான் வால்வில் மாட்டினார்கள். ரிக்கை ஒரு பெரிய கப்பல் முதுகில் ஏற்றி அனுப்பினோம். கேக் வெட்டினோம். எனக்குக்கூட ஒரு துண்டு கிடைத்தது.

லீவு முடிந்து கார்மேகம் வந்தான். சிவசங்கரனுக்குப் பனங்கற்கண்டு கொண்டுவந்து கேபினில் வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டான். “அந்த மூணாவது சீலுக்கு வேற எங்கேருந்து சார் வரவச்சீங்க?”

“எதுக்கு வேற?”

“அதான் கலாஸ்னேனே சார். உள்ளாற விளிம்பு பூரா வெடிச்சுக் கெடந்துச்சே.”

அன்றும் நான் அந்தக் கேபினில்தான் இருந்தேன். சிவசங்கரன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “நான் சோதனை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கலாஸ்னா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்டா.” கார்மேகம் வைத்த கற்கண்டுப் பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். “சார், எம்மேல தப்பா சார்? விசா கட் ஆயிருமா சார்?” அவர் அவன் தோளைப் பிடித்து, உன் பெயரே எங்கேயும் வராது என்றார். அந்த வாக்கை மட்டும் கடைசிவரை காப்பாற்றினார்.

ரிக் அதற்குள் வடக்கே போய் இறங்கித் தோண்டவும் தொடங்கியிருந்தது. எண்ணெய் இருக்கும் ஆழத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த சீலைக் கழற்றிவிட வேண்டும். உபரி இரண்டும் ரிக்கிலேயே இருந்தன. கொஞ்ச நேரம் தோண்டுவதை நிறுத்தினால் போதும். இவ்வளவுதான் கேட்டார் பாவி மனுஷன்.

புராஜெக்ட் மேனேஜர் அஹ்சன் லாகூர்க்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐஸ் கம்பெனியின் இன்னும் இரண்டு ரிக்குகள் எங்கள் யார்டுக்கு வருவதாக இருந்தது. சான்றிதழ் தப்பு என்று ஒரு வார்த்தை போனால் அதோடு சரி. சிவசங்கரன் அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கெஞ்சினார். அஹ்சன் எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஷிவா பாய், ரிக் போய்விட்டது. அடுத்த மெயின்டனன்ஸில் எப்படியும் மாற்றுவார்கள்.”

“அது சீசன் முடிஞ்ச பிறகு சார். அதுக்குள்ள கிணறு சீறினா?”

“அழுத்தம் தாங்கியதா இல்லையா? தாங்கியது. கலாஸ், பாய்.”

இது மூன்றாவது கலாஸ். வாயை மூடு என்கிற கலாஸ்.

அடுத்து வந்த நாட்களில் காரில் அவரோடு போவது எனக்கு நரகமாக இருந்தது. பச்சை விழுந்தும் வண்டி நகராது. முன்னெல்லாம் இரண்டு பக்கமும் பார்ப்பார், இப்போது எதையுமே பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். நான்தான் தொடையில் தட்டுவேன். “சரவணா, பனிக்கு அடியில போயிட்டா ஒண்ணுமே பண்ண முடியாதுய்யா. அந்த ஓட்டைல கடல்நாய் வந்து தலையத் தூக்கும்ல, அப்ப எண்ணெய்லதான் தூக்கும்.” நான் கத்தினேன். “சிவா, நீங்க ஒரு இன்ஸ்பெக்டர். உலகத்துக் கடலுக்கெல்லாம் நீங்களா வாட்ச்மேன்?” நான் கத்தியதும் பயத்தில்தான். அவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நீலா என்னைவிடத் தெளிவாகக் கேட்டாள். அவர்கள் வீட்டில் நான் காபியோடு உட்கார்ந்திருந்தபோதே கேட்டாள். “என்னங்க, எங்கயோ ஐஸ்ல இருக்கற ஒரு பிராணிக்காக நம்ம பொண்ணு பப்ளிக் எக்ஸாமை விட்டுட்டு நடுவுல ஊருக்குப் போகணுமா? அங்க அவளுக்குத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதத் தெரியாது.”

“நான் பாக்காம பாஸ்னு போட்டுட்டேன் நீலா.”

“உங்களை உள்ள போகாதீங்கன்னு சொன்னது நான். அப்ப எம்மேல கேஸ் போடச் சொல்லுங்க!” காபி டம்ளரை நங்கென்று வைத்தாள். பிறகு அவளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உள் அறையிலிருந்து ரக்ஷிதா எட்டிப் பார்த்து, “அப்பா, ஜஸ்ட் டெல் தெம்” என்றாள். அந்த வயதில் எல்லாமே சுலபம்.

சொல்லத்தான் செய்தார். பர்ஸிலிருந்த அந்த விசிட்டிங் கார்டை எடுத்து, ஐஸ் கம்பெனி அம்மாளுக்கு நேராக மெயில் போட்டார். சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டது நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், தயவுசெய்து அந்த சீலைக் கழற்றுங்கள் என்று எழுதினார். கார்மேகம் என்று ஓர் ஆள் உலகத்தில் இருப்பதாகவே அதில் இல்லை. பதில் உடனே வந்தது. விடுமுறையில் இருக்கிறேன், திரும்பியதும் பார்க்கிறேன் என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதில். அம்மாள் படிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆபீசுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னதாக அவரைக் கூப்பிட்டு, அன்றே ஐடி கார்டை வாங்கிக்கொண்டு, விசா கேன்சலுக்கு அனுப்பினார்கள். கேட்டில் அவரைக் கூட்டிவரப் போன என்னிடம், “வேலை கலாஸ் சரவணா” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சீல் அங்கேயேதான் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. வேலையைக் கொடுத்தாவது அதைக் கழற்றியிருந்தால் தூங்கியிருப்பார். வேலையும் போய், அதுவும் கழலவில்லை.

கடைசியில் கார்மேகம்தான் ஒரு வழி சொன்னான். அவன் ஊர்ப் பக்கம் கீழக்கரை அஸ்கர் அலி அந்த ரிக்கின் கிச்சனில் ஹெல்ப்பராக இருந்தான். சிவசங்கரன் அவனைப் போனில் பிடித்தார். முன்பின் பார்க்காத பையனிடம், “தம்பி, உங்க ரிக் பாஸ்கிட்ட மட்டும் சொல்லிடு, அந்த சீலைக் குளிர்லயே டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லு” என்று அழுதார். அஸ்கர் அலி அரண்டுபோனான். “சார், நான் வெங்காயம் உரிக்கிறவன் சார். எம்பேச்ச யாரு சார் கேப்பா?” என்றவன், பாக்குறேன் சார் என்று வைத்துவிட்டான். அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. எண்ணெய் ஆழத்தை நெருங்கிவிட்டார்கள் என்று யார்டில் பேசிக்கொண்டார்கள். சிவசங்கரன் பெட்டி கட்டாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை நீலாவும் நானும் கட்டினோம்.

அவர்கள் கிளம்பும் நாளன்று காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவருடைய காரை என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது, நான்தான் ஏர்போர்ட்டுக்கு ஓட்ட வேண்டும். அவர் போன் டிங் என்றது. அஸ்கர் அலியின் வாய்ஸ் மெசேஜ். காற்று ஹோவென்று அடிக்கிறது, பின்னால் யாரோ கத்துகிறார்கள், நடுவில் அவன் குரல். “சார், சீல் கலாஸ் சார்.” அவ்வளவுதான்.

சிவசங்கரன் திரும்பக் கூப்பிட்டார். லைன் போகவில்லை. மறுபடி, மறுபடி. மெசேஜைக் காதில் வைத்து வைத்துக் கேட்டார். பின்னால் கத்துகிறவன் சந்தோஷமாகக் கத்துகிறானா, பயந்து கத்துகிறானா? கார்மேகத்தைக் கூப்பிட்டார். “கார்மேகம், உங்க பக்கத்துல கலாஸ்னு எதுக்குச் சொல்வாங்க? வேலை முடிஞ்சதுக்கா, சாமான் போனதுக்கா?” ஸ்பீக்கரில் அவன் விசும்புவது எனக்கே கேட்டது. “ரெண்டுக்குந்தான் சார் சொல்லுவோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “கழட்டிட்டாங்கன்னுதான் சிவா அர்த்தம். நல்லதாவே நெனைங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “நானும் அன்னைக்கு அப்படித்தான்யா நெனச்சேன்.”

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். ரக்ஷிதா போனில் எண்ணெய்க் கசிவுச் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள். எதுவும் இல்லை என்றாள். இன்னும் வரவில்லை என்றார் அவர். உள்ளே போவதற்கு முன் என் கையைப் பிடித்தார்.

பிறகு நடந்ததை நீலா போனில் சொன்னாள். இமிக்ரேஷனில் மக்தூம் என்று பெயர் குத்தியிருந்த இளைஞர் பாஸ்போர்ட்டில் முத்திரை அடித்து, நீட்டி, “கலாஸ்” என்றிருக்கிறார். போகலாம் என்று அர்த்தம். இவர் நகரவில்லை. கண்ணாடிப் பக்கம் குனிந்து, “எந்த கலாஸ் சார்?” என்று தமிழிலேயே கேட்டாராம். அந்த இளைஞர் விழித்தார், பின்னால் வரிசை முணுமுணுத்தது. இவர் மறுபடியும் கேட்டார். நீலாதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் அப்படி நின்று பார்த்ததில்லை என்றாள்.

ஃபிளைட்டுக்குக் கூப்பிடும் நேரத்தில் அஸ்கர் அலியின் போன் வந்தது. அன்று ரிக் பாஸுக்கு டீ கொண்டுபோனவன், ட்ரேயை வைக்காமல் நின்று, தெரிந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான்: சார், சீல் கிராக், ஷார்ஜா சார் க்ரையிங். பாஸ் முதலில் சிரித்தாராம். பிறகு என்ன தோன்றியதோ, தோண்டுவதை நிறுத்தி, வால்வைத் திறந்து டார்ச் அடித்திருக்கிறார்கள். மைனஸ் குளிரில் வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கிறது. தூக்கும்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். புதுசை மாட்டிவிட்டார்கள்.

“அப்புறம் ஏன்டா கலாஸ்னு சொன்ன?” என்று இவர் கத்தியிருக்கிறார்.

“ரெண்டும்தான் சார். அது போச்சு, வேலை முடிஞ்சுச்சு. ரெண்டுக்கும் சேத்துத்தான் சார் சொன்னேன்.”

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதாராம். ஃபிளைட்டின் கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று கடைசியாகக் கூப்பிடும்வரை அழுதாராம்.

எங்கள் யார்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ரிக் வந்துவிட்டது, அஹ்சன் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். சிவசங்கரன் திருச்சியில் வேலை தேடுகிறார். ஏன் வேலையை விட்டீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டால் நடந்ததை அப்படியே சொல்கிறாராம், அப்புறம் எவன் கொடுப்பான்? ரக்ஷிதா அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை.

கார்மேகம் இன்னும் கோல்டு ரூமில்தான் இருக்கிறான். அந்தச் சொல்லை அவன் இப்போது வாயிலேயே எடுப்பதில்லை. “கார்மேகம், கலாஸ்?” என்று அஹ்சன் வாக்கிடாக்கியில் கேட்டால் பதில் வராது. கதவு திறக்கும். புருவத்தில் பனி படிந்த முகத்தோடு அந்த வெயிலில் நடந்து வந்து, அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், டார்ச் அடித்துக் காட்டுவான்.